மூன்று மணிக்கு முடியும் நாள்

போர்ட் பிளேரில் பிப்ரவரி தொடக்கத்தில் சூரியன் காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்துவிடும். மாலை ஐந்தரை அடிப்பதற்குள் போய்விடும். சென்னையிலிருந்து வருகிற உறவினர்கள் முதல் இரண்டு நாள் இதை நம்பாமல் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். கடிகாரத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையை வைத்து ஓடுகிறது. நாங்கள் இருப்பதோ 92¾ பாகையை ஒட்டி. பாகைக்கு நான்கு நிமிஷம் என்று பார்த்தால், நாற்பது நிமிஷத்துக்கு மேல் சூரியன் எங்களுக்கு முந்திக்கொள்கிறது. 2024 செப்டம்பரில் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பேர் மாற்றினார்கள். நேரத்தை யாரும் மாற்றவில்லை.

அலுவலகத்துக்குப் போகிறவருக்கு இது சின்ன விஷயம். முதுகில் பையோடு தனியாக நடந்து, இருட்டும் இடத்தில் படுத்து, விடிந்ததும் மறுபடி நடக்கிறவருக்கு இதைவிடப் பெரிய விஷயம் கிடையாது. இங்கே என் நடைநாள் பிற்பகல் மூன்று மணிக்கு முடிகிறது. மூன்றுக்குப் பிறகு ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாம். மற்ற கணக்கெல்லாம் அந்த மூன்றிலிருந்து பின்னோக்கிப் போடுவது: எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே உட்காருவது, எவ்வளவு தண்ணீர் தூக்குவது, எந்த வளைவில் கடலோரமாக இறங்குவது. புதிதாக நடக்க வருகிற பிள்ளைகள், "ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் சார்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எத்தனை மணிக்கு நிறுத்துவீர்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

எங்கே நடப்பது என்பதிலேயே இந்தத் தீவுக்குத் தனி நிபந்தனை உண்டு. வரைபடத்தைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். அந்தமான் ட்ரங்க் ரோடு தெற்கிலிருந்து திக்லிபூர் வரை ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் நடந்து போகிறவருக்கு அது ஜிர்க்காடாங்கோடு சரி. அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஜாரவாப் பழங்குடியினரின் காப்பிடம். குறித்த நேரத்தில் போலீஸ் காவலோடு வண்டிகள் வரிசையாகப் போகும், நடுவில் நிற்கக்கூடாது, இறங்கக்கூடாது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் காட்டை அவர்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறது. 2002இல் அந்தப் பகுதியில் சாலையையே மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாலை இன்னும் மூடப்படவில்லை. தீவின் நெடுநடைக்காரர்கள் உண்மையில் ஜாரவாக்கள்தான். அங்கே நமக்கு நடக்க இடமில்லை என்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மிச்சம் இருப்பது தெற்கு. டவுனில் எங்கள் மரைன் ஹில்லிலிருந்து இறங்கி, கிழக்குக் கரையோரமாகச் சிடியா டாப்பு வரை போய், திரும்பி வந்து மேற்கே மஞ்சேரி, குப்தாபாரா, வண்டூர் என்று ஒரு சுற்று. அவசரப்படாமல் போனால் சில நாள் நடை. அதில் முதல் நாளைத்தான் இங்கே சொல்கிறேன். மற்ற நாட்களின் தலையெழுத்து பெரும்பாலும் அன்றைக்கே எழுதப்பட்டுவிடும்.

பையைப் பற்றிச் சொல்லாமல் கிளம்ப முடியாது. இந்தத் தொழிலில், தொழில் என்றே சொல்கிறேன், பாதிச் சண்டை பையோடுதான். 1955இல் அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்ற பாட்டி, அறுபத்தேழு வயதில், அப்பலாச்சியன் மலைத்தடம் முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். மூவாயிரத்து முந்நூறு கிலோமீட்டர். பதினொரு பிள்ளை பெற்றவர். காலில் கேன்வாஸ் ஷூ. தோளில் அவரே தைத்த ஒரு துணிமூட்டை. மழைக்கு ஒதுங்கக் குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை. கூடாரமே கிடையாது. கடைகளில் முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய்க்குப் பையும் கூடாரமும் விலை பேசிக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திரை ஞாபகம் வரும்.

என் பையில் முக்கியமாக இருப்பது இவ்வளவுதான்: லேசான தார்பாய், நான்கு பக்கமும் தரை வரை தொங்குகிற கொசுவலை, கீழே விரிக்க ஒரு பிளாஸ்டிக் ஷீட், ஒரு பருத்திப் போர்வை. ஒரு செட் மாற்றுத் துணி. அது ராத்திரிக்கு மட்டும், பகலில் எவ்வளவு நனைந்தாலும் அதை எடுப்பதில்லை. தலையில் மாட்டும் டார்ச். ஒரு சுருள் நைலான் கயிறு. சாப்பாட்டில் முதல் நாள் பகலுக்குப் புளிச்சோறு, அதன் பிறகு அவலும் கருப்பட்டியும் வறுத்த வேர்க்கடலையும். அவலை நான் எத்தனை புகழ்ந்தாலும் தகும். அடுப்பு வேண்டாம், பாத்திரம் கழுவ வேண்டாம், கால் மணி ஊறினால் போதும், அரைமூடித் தேங்காய் கிடைத்தால் விருந்து. ஸ்டவ்வையும் கேஸ் டப்பாவையும் தூக்குவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். கேஸ் டப்பாவை விமானத்தில் ஏற்றமாட்டார்கள். இங்கே கடையில் தேடி அலைவதற்குள் ஒரு நாள் போய்விடும்.

எடையைக் குறைத்த இடத்தில் தண்ணீர் ஏறிக்கொள்கிறது. ஒரு லிட்டர் ஒரு கிலோ. அதில் தந்திரம் எதுவும் செல்லாது. பிப்ரவரி மாதம் இங்கே கோடையின் வாசல். வருஷத்துக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் மழை கொட்டுகிற ஊர்தான், தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாலாக்கள், இங்கே ஓடைகளுக்கு அதுதான் பேர், நூலாகிவிடும். தானிக்காரி அணையில் நீர்மட்டம் இறங்க இறங்க, டவுனில் குழாய்த் தண்ணீர் வருகிற நாட்களுக்கு இடைவெளி கூடும். அப்படிப்பட்ட காலத்தில் வழியில் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்கிறவன் இரண்டு பாட்டிலை நீட்டக்கூடாது. ஒன்றைத்தான் நீட்ட வேண்டும். மூன்று லிட்டரோடு கிளம்புவேன். இரண்டு முடிவதற்குள் அடுத்தது எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும்.

மரைன் ஹில்லில் காலை நாலரைக்கு நடமாட்டம் இருக்காது. கீழே ஃபீனிக்ஸ் பே பக்கம் மட்டும் துறைமுக விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும், ஏதாவது ஒரு படகின் எஞ்சின் இருமும். இறக்கத்தில் தொடங்குவது காலுக்கு நல்லதல்ல. தூங்கி எழுந்த முழங்கால் அதை விரும்புவதில்லை. பையின் பாரம் முழுக்க முன்னந்தொடையில் இறங்கும். அதனால் மலையிறக்கத்தில் வேண்டுமென்றே சின்ன அடியாக, மடித்த முழங்காலோடு, கிழவனைப் போல இறங்குவேன். ஓடுகிறவர்கள் எதிரே ஏறி வரும்போது ஏதோ உடம்பு சரியில்லாதவன் என்று பார்த்துவிட்டுப் போவார்கள். அபர்தீன் கடைவீதி மணிக்கூண்டைத் தாண்டிக் கடலோரச் சாலைக்கு வரும்போது உடம்பு சூடாகியிருக்கும். அதன் பிறகுதான் என் இயல்பான நடை.

அபர்தீன் ஜெட்டிக்கு அருகே ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. 1859 மே மாதம் அந்தமான் பழங்குடியினர் குடியேற்றத்தைத் தாக்கிய போரில் இறந்தவர்களுக்காக எழுப்பியது. அந்தக் கதையில் எனக்குப் பிடிபடாத மனிதர் தூத்நாத் திவாரி. 1858 ஏப்ரலில், கைதிக் குடியேற்றம் தொடங்கிச் சில வாரங்களிலேயே, கூட்டமாகத் தப்பியோடிய கைதிகளில் ஒருவர். பர்மா பக்கத்தில்தான் இருக்கிறது, நடந்தே போய்விடலாம் என்று அவர்கள் நம்பினார்கள் என்று சொல்வார்கள். சுற்றிக் கடல் இருக்கிற ஊரில்! காட்டுக்குள் நாட்கணக்கில் சோறு தண்ணீரில்லாமல் அலைந்தார்கள். கூட வந்தவர்கள் பெரும்பாலும் செத்தார்கள். காயத்தோடு பிழைத்த திவாரியைப் பழங்குடியினர் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். ஒரு வருஷம் அவர்களோடு காடு காடாக நடந்தார், கல்யாணமும் நடந்தது. கடைசியில் தாக்குதல் வரப்போகிறது என்று வெள்ளைக்காரர்களுக்கே வந்து சொல்லி மன்னிப்பு வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார். அவரைத் துரோகி என்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் அந்த இடத்தைக் கடக்கும்போது, வெறுங்காலோடு, திசை தெரியாமல், எங்கே படுப்பது என்ற கணக்கே இல்லாமல் நடந்த அந்த நாட்கள்தான் மனசில் ஓடும்.

மேலே செல்லுலார் சிறை. கீழே கடல். சவுத் பாயிண்ட் வழியாகக் கார்பைன்ஸ் கோவ் போகிற சாலையில் விடியும். இந்தச் சாலையின் ஓரங்களில் ஜப்பானியர் கட்டிய கான்கிரீட் பதுங்குகுழிகள் இன்னும் இருக்கின்றன. 1942 மார்ச்சிலிருந்து 1945 அக்டோபர் வரை அவர்கள் கையில் தீவு இருந்தது. துப்பாக்கி நீட்ட விட்ட சதுர ஓட்டைகள் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்றின் நிழலில்தான் வழக்கமாக முதல் தடவை உட்காருவேன், கால் பார்க்க.

கால் பார்ப்பது என்றால் செருப்பையும் சாக்ஸையும் கழற்றி, விரல்களுக்கு நடுவில் விரல் விட்டு, குதிகாலை, முன்பாதத்தைத் தடவிப் பார்ப்பது. நடக்கத் தொடங்கி ஒன்றரை மணி நேரத்துக்குள் இதைச் செய்துவிட வேண்டும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும். கொப்புளம் வலியாக அறிவிப்பதற்கு முன்னால் சூடாக அறிவிக்கும். தோலின் மேலடுக்கு ஒரு பக்கமும் உள்ளடுக்கு ஒரு பக்கமும் இழுபட்டு நடுவில் பிரிகிற சூடு அது. அந்த நிலையில் பிடித்தால் இரண்டு அங்குல பிளாஸ்டரில் முடிந்துவிடும். நீர் கோத்த பிறகு பிடித்தால் மூன்று நாள். பிளாஸ்டரைச் சதுரமாக வெட்டி ஒட்டினால் மூலைகள் உருண்டு தாமே ஒரு கொப்புளத்தை உண்டாக்கும்; மூலைகளைக் கத்தரிக்கோலால் வட்டமாகக் கொய்துவிட்டு ஒட்ட வேண்டும். ஒட்டியதும் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால், உடம்புச் சூட்டில் பசை இளகிப் பிடித்துக்கொள்ளும். வியர்வை ஈரத்தின்மேல் ஒட்டினால் எதுவும் நிற்காது. துடைத்து, காற்றாட விட்டு, பிறகு.

இதில் பாதி நான் கற்றது பழநிச் சாலையில். எங்கள் ஊர்ப்பக்கம் தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடியோடு கிளம்புகிற பாதயாத்திரை, தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. பின்னிரவில் எழுந்து நடந்து, வெயில் ஏறும்போது சத்திரத்திலோ தோப்பிலோ ஒதுங்கி, வெயில் தாழ்ந்ததும் மறுபடி கிளம்புகிற ஒழுங்கு அவர்களுடையது. பெரியவர்கள் படுக்கும் முன் விரலிடுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய் தேய்ப்பார்கள். சிறுவர்களாகிய நாங்கள் சிரிப்போம். மூன்றாம் நாள் நொண்டியதும் நாங்கள்தான். அங்கே கூட்டம் உன்னை இழுத்துக்கொண்டு போகும். முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்து நடந்தால் போதும். தண்ணீர், மோர், சோறு எல்லாம் வழியில் யாரோ வைத்திருப்பார்கள். தனியாக நடக்கும்போது அந்த முதுகு இல்லை. நீ வேகமா மெதுவா என்று சொல்ல ஆள் இல்லாததால், உடம்பு சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிற பழக்கம் வந்துதான் ஆகவேண்டும். என் அளவுகோல் எளிது. நடந்துகொண்டே மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். ஆகவே பேசிக்கொண்டே நடப்பேன். யாராவது பார்த்தால் பார்க்கட்டும்.

ஷூவா செருப்பா என்ற சண்டைக்கும் ஒரு வார்த்தை. மெயின்லேண்டில் மலையேறுகிறவர்கள் கணுக்கால் மூடிய பூட்ஸ் இல்லாமல் கிளம்பமாட்டார்கள். இங்கே அது வேலைக்கு ஆகாது. நாலாவில் ஒரு தரம் இறங்கினால் போதும், அந்த பூட்ஸ் அன்றைக்குக் காயாது, இந்தக் காற்று ஈரத்தில் மறுநாளும் காயாது. வார் வைத்த தடித்த செருப்பும், மெல்லிய சாக்ஸ் இரண்டு ஜோடியும். காய்வது ஒன்று, காலில் ஒன்று. மழைக்காலத்தில் இதே செருப்பில் காட்டுக்குள் போனால் அட்டை கொண்டாடிவிடும். ஆனால் மழைக்காலத்தில் நான் இந்தச் சுற்றுக்குப் போவதே இல்லை.

எட்டரை மணிக்கு மேல் வெயில் ஆளைத் தள்ளும். முப்பது டிகிரிதான், மதுரைக்காரர் கேட்டால் சிரிப்பார். ஆனால் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாவதில்லை, வழிந்து கொட்டுகிறது. குளிர்விக்க வேண்டிய வேலையைச் செய்யாமலே உப்பு மட்டும் வெளியேறுகிறது. சட்டையில் வெள்ளைக் கோடு விழுந்தால் வெறும் தண்ணீர் குடித்துப் பயனில்லை. உப்பு போட வேண்டும். நான் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வைத்திருக்கிறேன், கூடவே ஊறுகாய் எலுமிச்சைத் துண்டு ஒரு சின்ன டப்பாவில். பொட்டலத்தைவிட எலுமிச்சைதான் மனசுக்குப் பிடிக்கும்.

கார்பைன்ஸ் கோவுக்குப் பிறகு ஊர்ப்பக்கம் உள்ளே ஏறி, பியட்னாபாத் வழியாக மறுபடி கடலுக்கு இறங்குவது. இந்த நடுப்பகுதியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. லாரி, தூசி, சிமென்ட் கடை. தலையைக் குனிந்து கடந்துவிட வேண்டியது. பதினொன்றுக்குள் பர்மாநாலா பக்கம் வந்துவிட்டால், அங்கே உட்கார்ந்து புளிச்சோற்றை முடித்து, வெயில் உச்சி சாயும்வரை அசையாமல் இருப்பேன். உச்சி இங்கே பன்னிரண்டுக்கு வருவதில்லை, பதினொன்றரைக்கே வந்துவிடும். ஒரு மணிக்கெல்லாம் நிழல் நீள ஆரம்பிக்கும்.

பர்மாநாலாவில் கரை பாறைக் கரை. நீர் வற்றும்போது சாலையை விட்டு இறங்கி நடக்கலாம். பாறைப்பள்ளங்களில் தேங்கிய நீரில் பாசி, சின்ன மீன், ஒளிந்துகொள்கிற நண்டு என்று பார்த்துக்கொண்டே போகலாம். ஏறும்போது அங்கே இருக்கக்கூடாது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே இரண்டு மீட்டர் அளவுக்கு நீர்மட்டம் மாறும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பெரிது, அஷ்டமி நவமிக்குச் சிறிது. ஒவ்வொரு நாளும் நேரம் ஐம்பது நிமிஷம்போலப் பின்தள்ளிப் போகும். சர்வே ஆஃப் இந்தியா வருஷா வருஷம் அட்டவணை போடுகிறது. நாலு நாளைக்கானதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். போனிலும் கிடைக்கும். 2020இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு டவுனில் நெட் பிரமாதம். வளைவு திரும்பினால் சிக்னல் போய்விடும், அது வேறு கதை.

அட்டவணை சொல்லாத ஒன்றும் இந்தக் கரையில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் சுமார் ஒரு மீட்டர் கீழே இறங்கியது. வடக்கே திக்லிபூர் பக்கம் நிலம் மேலே எழும்பிப் பவளப்பாறைகள் வெளியே வந்து காய்ந்தன. தெற்கே சிப்பிகாட்டில் வயல்கள் உப்புநீருக்குள் போய், போனது போனதுதான். ஆகவே பழையவர்கள், "கரையோரமாவே போயிடலாம், நாங்க போயிருக்கோம்" என்று சொல்லும் பாதைகளில் பல இன்று தண்ணீருக்குள். பட்டுப்போன மரங்களின் அடித்தூர்கள் அலைக்குள் நின்றுகொண்டிருக்கும். வற்றத்தில் அந்தத் தூர்களுக்கு நடுவே நடந்தால், முன்பு எங்கே காடு முடிந்து மணல் தொடங்கியது என்பது தெரியும். எனக்கு அதுதான் இந்த நடையின் கனமான இடம். சுனாமி என்றால் எல்லோரும் வந்து போன அலையைச் சொல்கிறார்கள். நடக்கிறவனுக்கு அது இன்னும் போகவில்லை, தினம் இரண்டு தடவை அந்த ஒரு மீட்டரில் ஏறி இறங்குகிறது.

இரண்டு மணிக்குப் படுக்க இடம் தேட ஆரம்பிக்க வேண்டும். மணலில் நான் படுப்பதில்லை. பார்க்க அழகு, படுக்க நரகம். மணல் ஈ கடித்த இடம் ஒரு வாரம் அரிக்கும். ராத்திரி நீர் எவ்வளவு தூரம் ஏறும் என்பது காய்ந்த பாசி ஒதுங்கியிருக்கும் கோட்டைப் பார்த்தால் தெரியும். அந்தக் கோடு பெரும்பாலும் மரத்தடி வரை போயிருக்கும். நாலா கடலில் சேரும் இடங்களில் முதலை. இது பயமுறுத்தல் இல்லை, உப்புநீர் முதலை இந்தத் தீவுகளில் ஆட்களைப் பிடித்திருக்கிறது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்க முடியாது, தங்கவும் கூடாது. மிச்சம் இருப்பது யாருடையதாவது தோப்பு. கேட்க வேண்டும். வெளிச்சம் இருக்கும்போது கேட்க வேண்டும். அதற்காகவும்தான் இந்த மூன்று மணிக் கணக்கு. பிற்பகலில் வந்து கேட்கிறவன் வழிப்போக்கன். இருட்டிய பிறகு வந்து கதவு தட்டுகிறவனை எப்படி நம்புவது?

இந்தத் தடவை கிடைத்தது பாக்கும் தென்னையும் கலந்த ஒரு தோப்பு, உள்ளே தகரக் கூரை வீடு. வாசலில் நின்று ஹிந்தியில்தான் கூப்பிட்டேன். இங்கே தெரியாத வீட்டில் எல்லோரும் அப்படித்தான். வெளியே வந்த அம்மாள் என் ஹிந்தியைக் கேட்டதுமே, "தமிழா?" என்றார்.

"ஆமாக்கா. மரைன் ஹில்லுல இருந்து நடந்து வரேன். இன்னிக்கு ராத்திரி மட்டும் தோப்புல ஓரமா தார்பாய் கட்டிப் படுத்துக்கலாமா? காலைல விடியறதுக்குள்ள போயிடுவேன்."

"நடந்தா? ஏன், பஸ் ஓடலையா?"

"ஓடுதுக்கா. நான்தான் நடக்கிறேன்."

"வேண்டுதலா?"

"இல்லக்கா."

"அப்புறம் எதுக்கு?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒழுங்கான பதில் கிடையாது. பிடிக்கும் என்று மட்டும் சொன்னேன். பையை, செருப்பை, முகத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "சிகரெட்டு, தண்ணி உண்டா?" இல்லை என்றேன். "அடுப்பு மூட்டாதீங்க தம்பி, சருகு காஞ்சு கெடக்கு. தென்னைக்குக் கீழ வேண்டாம், காய் போட ஆள் வரலை. பாக்குப் பக்கம் கட்டிக்குங்க." தொட்டியிலிருந்து ஒரு பாட்டில் மொண்டுகொள்ளச் சொன்னார். அவருடைய அப்பா ராமநாதபுரம் பக்கமிருந்து கப்பலேறி வந்தவராம். அதைச் சொல்லிவிட்டு, வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

இடம் பார்ப்பது மேலிருந்து தொடங்குகிறது. முதலில் தலைக்கு நேர் மேலே: தேங்காய், காய்ந்த மட்டை, முறிந்து தொங்குகிற கிளை. பாக்குமரத்தில் மட்டை விழும், விழுந்தால் தார்பாய் தாங்கும். அடுத்து தரை. ஒரு பாட்டில் மூடித் தண்ணீரைக் கொட்டினால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும்; தலை அதற்கு எதிர்ப்பக்கம். தேங்கி நின்றால் அந்த இடம் வேண்டாம். பிறகு சருகை ஒரு குச்சியால் முழுக்கக் கிளறிவிட வேண்டும், கையால் கூடாது. தீவுக்காரர்கள் கான்கஜூரா என்கிற பெரிய பூரான் அங்கேதான் இருக்கும். புலி, சிறுத்தை, கரடி எதுவும் இந்தத் தீவில் கிடையாது. அந்த விஷயத்தில் இந்தியாவிலேயே நிம்மதியாகத் தூங்கக்கூடிய காடு இது. ஆனால் ஒரு ஜாண் பூரான் எல்லா நிம்மதியையும் ஈடுகட்டிவிடும்.

இரண்டு பாக்குமரங்களுக்கு நடுவே, மார்பு உயரத்தில், முதுகுக்கயிறு. பாக்குமரம் வழுவழுப்பு, சும்மா கட்டினால் கயிறு வழுக்கி இறங்கும். மரத்தை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு முடிச்சுப் போட்டால் இறங்காது, மரத்துக்கும் காயமில்லை. முடிச்சு எப்போதும் ஒரு இழுப்பில் அவிழ்கிற சுருக்கு. அதிகாலை இருட்டில், ஈரக் கயிற்றில், தூக்கக் கலக்கத்தில் அவிழ்க்கப்போவது நான்தான். தார்பாய்க்கும் மரத்துக்கும் நடுவில் கயிற்றிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குத் துணி நாடாவைத் தொங்கவிட வேண்டும். மழை பெய்தால் மரத்திலிருந்து கயிறு வழியே ஓடிவருகிற நீர் அந்த நாடாவில் இறங்கி வெளியே சொட்டிவிடும், தலைமாட்டுக்கு வராது. பிப்ரவரியில் மழை எதற்கு என்று விட்டுவிடுவார்கள். தீவில் மழைக்குப் பஞ்சாங்கம் தெரியாது.

கூடாரத்தை விட்டுத் தார்பாய்க்கு நான் மாறியதற்கு ஒரு கட்டடம் காரணம். எங்கள் மரைன் ஹில் சரிவில் சார்லஸ் கொரியா வடிவமைத்த பே ஐலண்ட் ஹோட்டல், 1982இல் கட்டி முடித்தது. மலைச்சரிவோடு தளம் தளமாக இறங்கும், மேலே பெரிய சாய்கூரை. பொது இடங்களில் சுவரென்று பெரிதாக எதுவும் இல்லை. கடற்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். இந்த ஊரில் கூரைதான் வீடு, சுவர் அவ்வளவு முக்கியமில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மூடிய கூடாரத்துக்குள் இங்கே படுத்தால், நம் மூச்சே உள்பக்கம் நீர்த்துளியாகித் திரும்ப நம்மேல் விழும். உயரக் கட்டிய தார்பாய், கீழே கொசுவலை, நான்கு பக்கமும் காற்று. காற்று வரும் பக்கத்தை மட்டும் ஒரு முழம் தாழ்த்திக் கட்டினால் சாரலும் அடிக்காது.

எல்லாம் முடியும்போது மூன்றரை. இனி இரண்டு மணி நேரம் சும்மா இருக்கலாம். இந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் நான் நடக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். சாக்ஸைத் துவைத்துக் கயிற்றில் போட்டேன். கால் கழுவி எண்ணெய் தேய்த்தேன். பக்கத்து வாழை இலையில் ஒரு பச்சைப் பல்லி, கண்ணைப் பறிக்கிற கிளிப்பச்சை, முதுகில் செம்புள்ளிகள். பகலில் திரிகிற பல்லி இது. இதன் சொந்தக்காரப் பல்லிகள் பெரும்பாலும் மடகாஸ்கரிலும் அதன் பக்கத்துத் தீவுகளிலும். இத்தனை கடல் தாண்டி இந்த ஒரு இனம் மட்டும் எப்படி இங்கே வந்து குடியிருக்கிறது என்பது யோசிக்கத் தோதான விஷயம். அது இலையின் மடிப்பில் தேங்கிய நீரை நாக்கால் தொட்டு, பிறகு அதே நாக்கால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டது. இமை கிடையாது அதற்கு. நேரமில்லாதவன் இதைப் பார்த்திருக்க முடியாது. நாலரைக்கு ஊறவைத்த அவலை ஐந்துக்குள் சாப்பிட்டு, மிச்சத்தைக் கட்டி, பையை மரத்தில் தொங்கவிட்டு, செருப்பைக் கொசுவலைக்குள் எடுத்து வைத்தாயிற்று. காலையில் செருப்பை உதறாமல் போடுகிற தைரியம் இந்தத் தீவில் யாருக்கும் இல்லை.

ஐந்தரைக்கு இருட்டிவிடும். இங்கே அந்திக்கு நீளம் கிடையாது. தனியாகப் படுப்பவருக்கு முதல் ஒரு மணி நேரம்தான் கஷ்டம். ஒவ்வொரு சத்தத்துக்கும் காது எழுந்து உட்காரும். நான் செய்வது ஒன்றுதான். சத்தத்துக்குப் பேர் வைப்பேன். அது பாக்குமட்டை விழுந்தது. அது மான், வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட புள்ளிமான், தடுக்க விலங்கில்லாமல் பெருகித் தோப்பில் இளந்தளிரை மேய வருகிறது. அது அலை, பாறையில் மோதுகிற தொனி மாறிவிட்டது, ஏறிக்கொண்டிருக்கிறது. பேர் வைக்க முடியாத சத்தம் ஏதாவது மிஞ்சினால் டார்ச் அடித்துப் பார்ப்பேன். பெரும்பாலும் துறவி நண்டு, யாரோ வீசிய பிளாஸ்டிக் மூடியை ஓடாகச் சுமந்துகொண்டு சருகில் போய்க்கொண்டிருக்கும். ஏழு மணிக்குள் தூங்கிவிடுவேன்.

நாலு மணிக்கு எழுந்தால் நாலரைக்குக் கிளம்பலாம். கட்டும் வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் அவிழ்ப்பது; தார்பாய் கடைசியில். மற்ற எல்லாவற்றையும் அதன் கீழே உட்கார்ந்து பையில் அடைத்துவிட்டால், மழையே பெய்தாலும் நனைவது தார்பாய் ஒன்றுதான், அதை வெளியே கட்டிக்கொள்ளலாம். மண்ணில் குத்திய முளைகளை எண்ணி எடுத்து, குழியை மிதித்துச் சமப்படுத்தி, டார்ச்சை ஒரு சுற்றுச் சுற்றி அடித்துப் பார்த்தேன். துண்டுக் காகிதத்தின்படி அன்றைக்கு எட்டே காலுக்கு வற்றம். கொடியாகாட் கரையை அதற்குள் பிடித்தால் மேலே சாலைக்கு ஏறாமலே பாதி தூரம் போய்விடலாம்.

வீட்டில் விளக்கு எரிந்தது. அக்கா எழுந்து வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். போய்ச் சொல்லிக்கொண்டேன்.

"கொஞ்ச நேரம் நின்னா பஸ் வந்துடும் தம்பி."

"இல்லக்கா, வற்றத்துல கரையோரமா போகணும். கொடியாகாட் தாண்டி நாலாவுல தண்ணி இருக்குமா?"

"இருக்கும். பாலத்துக்கு மேல் பக்கமா மொண்டுக்குங்க. கீழ்ப் பக்கம் எறங்காதீங்க, போன மாசம் ஒரு ஆட்டைப் புடிச்சிருச்சு."